வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பள்ளியில் கை சுத்தம்: ஒரு முழுமையான வழிகாட்டி

"சாப்பிடுவதற்கு முன் கை கழுவ வேண்டும்" என்பது நம் பள்ளிக் குழந்தைகள் எல்லோருக்கும் மனப்பாடம். வகுப்பில் நட்ஸ் ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தை இருந்தால் அது மட்டும் போதாது. வேர்க்கடலைச் சட்னி தொட்டு இட்லி சாப்பிட்ட பக்கத்து பெஞ்சுக் குழந்தை, சாப்பிட்ட பிறகு கழுவ வேண்டும். அதுவும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் நடக்காதது இதுதான். சாப்பிட்டு முடித்ததும் குழாயடியில் விரல் நுனியை நனைத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு, விளையாட ஓடிவிடுகிறார்கள்.

ஒவ்வாமை உள்ள குழந்தையின் கையைவிட, அதைச் சுற்றி இருக்கும் மற்றக் கைகள்தான் முக்கியம். பெற்றோர், வகுப்பாசிரியர், ஆயாம்மா மூவரையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கழுவுவது எதை?

கிருமியை அல்ல, புரதத்தை. வேர்க்கடலையில் ஒவ்வாமையைத் தூண்டுவது அதிலுள்ள சில புரதங்கள். அவை வறுத்தாலும் அழிவதில்லை, சானிடைசர் தடவினாலும் அழிவதில்லை. சானிடைசரில் உள்ள ஆல்கஹால் கிருமியைக் கொல்லும். ஆனால் புரதம் உயிருள்ள பொருள் இல்லை, கொல்வதற்கு. கையிலிருந்து அதைப் பெயர்த்து நீரோடு அனுப்பத்தான் வேண்டும். எண்ணெய்ப் பசையோடு ஒட்டியிருப்பதால் சோப்பு இல்லாமல் முழுசாகப் போகாது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2004இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். கைகளில் வேர்க்கடலை வெண்ணெய் பூசி, ஒவ்வொரு முறையிலும் சுத்தம் செய்து, புரதம் மிச்சம் இருக்கிறதா என்று அளந்தார்கள். வெறும் தண்ணீரில் கழுவிய 12 கைகளில் 3இல் மிச்சம் இருந்தது. சானிடைசர் போட்ட 12 கைகளில் 6இல் இருந்தது. திரவ சோப்பு, கட்டி சோப்பு, ஈரத் துடைப்புத் தாள் ஆகிய மூன்றும் நன்றாக வேலை செய்தன. கொரோனாவுக்குப் பிறகு வகுப்பு வாசலில் சானிடைசர் பாட்டில் மாட்டிய பள்ளிகள் நிறைய. அதைக் காட்டி "எங்கள் பள்ளியில் கை சுத்தம் பக்காவாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், ஒவ்வாமையைப் பொறுத்தவரை அந்த பாட்டில் வெறுந்தண்ணீரைவிடவும் மோசம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு, பயத்தைக் குறைப்பது. வேர்க்கடலை ஒவ்வாமை கடுமையாக இருந்த 30 குழந்தைகளின் தோலில் வேர்க்கடலை வெண்ணெயை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்த ஆய்வு 2003இல் வெளியானது. சிலருக்கு அந்த இடம் மட்டும் சிவந்தது, அரித்தது. ஒருவருக்கும் உடல் முழுதும் பரவும் எதிர்வினை வரவில்லை. ஆக, தோலில் பட்டதே பேராபத்து என்பதில்லை. பட்ட கை வாய்க்கோ கண்ணுக்கோ போவதுதான் ஆபத்து. எல்கேஜி குழந்தையின் கை எத்தனை முறை வாய்க்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு முழு வேர்க்கடலைப் பருப்பில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் புரதம் இருக்கிறது. மிகவும் எளிதில் பாதிக்கப்படும் குழந்தைகளுக்குச் சில மில்லிகிராமே போதும்.

படி 1: எது ஒத்துக்கொள்ளாது என்று எழுத்தில் வாங்குங்கள்

"நட்ஸ் ஆகாது" என்று பொதுவாகச் சொன்னால் பள்ளியில் யாருக்கும் எதுவும் புரியாது. ஒவ்வாமை மருத்துவரிடம் பெயர் பெயராக எழுதி வாங்குங்கள். வேர்க்கடலை பயறு வகையைச் சேர்ந்தது. முந்திரி, பாதாம், பிஸ்தா, வால்நட் எல்லாம் மரக் கொட்டைகள். ஒன்று ஆகாதவருக்கு மற்றது ஆகலாம், ஆகாமலும் போகலாம். முந்திரி ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஒத்துக்கொள்ளாது. பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை இரண்டும் வேர்க்கடலை அல்ல. உங்கள் குழந்தைக்கு அவை ஆகுமா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் நவராத்திரி சுண்டல் நாளில் ஆயாம்மா பதறிப் போவார்.

படி 2: பள்ளிக்குள் வேர்க்கடலை எந்தெந்த வழியில் வருகிறது என்று பாருங்கள்

வெளிநாட்டுக் கையேடுகளில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கும். நம் ஊர் டிபன் பாக்ஸ் வேறு. வேர்க்கடலைச் சட்னி, வேர்க்கடலை சேர்த்து அரைத்த இட்லிப் பொடி, எலுமிச்சை சாதத்திலும் புளியோதரையிலும் தாளித்த கடலை, மிக்சர், மசாலாக் கடலை, கடலை மிட்டாய், கடலை உருண்டை. வெண்பொங்கல், கேசரி, சேமியா பாயசம் என்றால் முந்திரி. மரச்செக்குக் கடலை எண்ணெயையும் மறக்க வேண்டாம். நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது, செக்கில் ஆட்டியதில் இருக்கும். பொரித்த வடையைப் பார்த்து எந்த எண்ணெய் என்று கண்டுபிடிக்க முடியாது.

பள்ளி வாசலுக்கு வெளியே வண்டியில் விற்கும் அவித்த கடலையும் வறுத்த கடலையும் தனி ரகம். தோலை உரித்து ஊதும்போது அந்தச் செந்தோல் துகள் கையிலும் பையிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். நகக்கண்ணில் தங்குவது இதுதான்.

அப்புறம், உணவே இல்லாத வழிகள். சரிவிகித உணவு என்று சார்ட்டில் தானியங்களை ஒட்டிவரச் சொல்வார்கள். கைவினை வகுப்பில் வேர்க்கடலை ஓட்டில் பொம்மை செய்வார்கள். சில குழந்தைகளுக்கு வீட்டில் கை காலுக்குப் பாதாம் எண்ணெய் தடவி அனுப்புவார்கள். ஹேண்ட்வாஷ், லோஷன் ஆகியவற்றின் லேபிளையும் படியுங்கள். பாதாம் 'ப்ரூனஸ் அமிக்டாலஸ்' என்றும், வேர்க்கடலை 'அராக்கிஸ்' என்றும் பொடி எழுத்தில் இருக்கும். கையைச் சுத்தம் செய்ய வாங்கிய சோப்பிலேயே பாதாம் எண்ணெய் இருந்தால் எல்லாம் வீண்.

ஒரு வாரம் குழந்தையிடம் பேச்சுவாக்கில் கேளுங்கள்: யார் பக்கத்தில் உட்காருகிறாய், என்ன கொண்டு வந்தார்கள், வேனில் யார் என்ன சாப்பிட்டார்கள். போலீஸ் விசாரணைபோல் இல்லாமல் கேட்டால் குழந்தையே எல்லாம் சொல்லிவிடும்.

படி 3: பள்ளியோடு பேசுங்கள், எழுதியும் கொடுங்கள்

தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், ஆயாம்மா, வேன் ஓட்டுநர் நால்வருக்கும் தெரிய வேண்டும். வகுப்பாசிரியரிடம் மட்டும் சொன்னால், அவர் விடுப்பில் போகும் நாளில் விஷயம் அறுந்துவிடும். கடிதத்தில் அழுகையும் மிரட்டலும் வேண்டாம். மருத்துவர் எழுதிய தாளை இணைத்து, கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். மற்றப் பெற்றோருக்குப் பள்ளி அனுப்பும் குறிப்பு இப்படி இருக்கலாம்:

"அன்பான பெற்றோருக்கு, நம் வகுப்பில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை ஒருவர் படிக்கிறார். உங்கள் பிள்ளை காலையில் வேர்க்கடலைச் சட்னியோ, கடலை மிட்டாயோ, வேர்க்கடலை சேர்ந்த வேறு உணவோ சாப்பிட்டிருந்தால், வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவி அனுப்பவும். மதிய உணவுக்குப் பின் எல்லாக் குழந்தைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவ ஏற்பாடு செய்திருக்கிறோம். பிறந்த நாளுக்கு இனிப்புக்குப் பதிலாகப் பென்சில், ஸ்டிக்கர் போன்றவற்றைக் கொடுத்தனுப்பினால் மகிழ்வோம்."

குழந்தையின் பெயரைக் குறிப்பில் போட வேண்டியதில்லை. வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம், ஆனால் அதை வாட்ஸ்ஆப் குழுவுக்குத் தீனியாக்க வேண்டாம்.

"பள்ளியிலேயே வேர்க்கடலையைத் தடை செய்யச் சொல்லலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்து, வேண்டாம். 2021இல் வெளியான பன்னாட்டு வல்லுநர்களின் வழிகாட்டுதலும், பள்ளி முழுதும் உணவைத் தடை செய்வதைவிட ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பள்ளியில் அவசர மருந்தும் இருப்பதே மேல் என்ற பக்கம்தான் சாய்கிறது. இட்லியும் சட்னியும் வாழ்க்கையாக இருக்கும் ஊரில் அந்தத் தடையை யாரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப் போவதில்லை. தடை இருக்கிறதே என்ற நினைப்பில் கை கழுவுவதையும் விட்டுவிடுவார்கள். கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகள் இருக்கும் எல்கேஜி, யுகேஜி வகுப்புக்குள் மட்டும் கடலை வேண்டாம் என்று கேட்பது நியாயம்.

படி 4: கழுவும் இடத்தைச் சரி செய்யுங்கள்

சோப்பு கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் எந்த விதியும் நடக்காது. குழாய்க்கு நேர்ப் பக்கத்தில், குழந்தை உயரத்தில் சோப்பு இருக்க வேண்டும். பள்ளிக் குழாயடியில் கட்டி சோப்பு நான்கு நாள் நிற்காது, கரையும் அல்லது காணாமல் போகும். அதை ஒரு வலைப் பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் பையோடு கையைத் தேய்த்துக்கொள்ளலாம், கீழே விழுந்து மண்ணும் ஒட்டாது. வசதி இருந்தால் பம்ப் பாட்டில். வாசனை எதுவானாலும் சரி, நட்ஸ் எண்ணெய் இல்லாததாக இருக்க வேண்டும்.

வாளியும் மக்குமாக இருக்கும் பள்ளிகளில் ஒரு சிக்கல். கடலைக் கையோடு மக்கைப் பிடித்து, அதையே வாளிக்குள் முக்குவார்கள். அடுத்தவர் அந்தத் தண்ணீரில்தான் கழுவுவார். குழாய் இல்லையென்றால், அடியில் திருகு வைத்த கேன் ஒன்றை மேடையில் வைத்தால் போதும். ஓடும் நீராக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். சுடுதண்ணீர் தேவையில்லை.

துடைப்பதற்குப் பொதுத் துண்டு கூடவே கூடாது. எல்லோர் கையிலும் மிஞ்சியதெல்லாம் அதில்தான் சேரும். அவரவர் கர்சீப், இல்லையென்றால் உதறிக் காய விடலாம். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இரண்டு கர்சீப் கொடுத்தனுப்புங்கள்.

படி 5: கழுவக் கற்றுக்கொடுங்கள், மஞ்சளை வைத்து

குழந்தைகளுக்குக் கண்ணில் தெரியாத புரதத்தைப் பற்றிச் சொல்லிப் புரிய வைப்பது கடினம். மஞ்சள் கை கொடுக்கும். தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் மஞ்சள்தூளைக் குழைத்து இரண்டு மூன்று குழந்தைகளின் கையில் தடவச் சொல்லுங்கள். ஒருவர் வெறும் தண்ணீரில் கழுவட்டும், ஒருவர் சானிடைசர் போடட்டும், ஒருவர் கட்டி சோப்புப் போடட்டும். தண்ணீர்க் கையில் எண்ணெய் வழவழப்பு அப்படியே இருக்கும். சானிடைசர் கையில் மஞ்சள் இடம் மாறிப் பூசியிருக்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கட்டி சோப்பில் காரத்தன்மை இருப்பதால், அது பட்ட இடத்தில் மஞ்சள் சிவப்பாக மாறும். கழுவும்போதே எங்கெல்லாம் சிவக்கவில்லையோ அங்கெல்லாம் சோப்புப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பெருவிரலைச் சுற்றி, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு ஆகிய நான்கு இடங்களிலும் எல்லோருமே கோட்டை விடுவதைக் குழந்தைகளே பார்த்துவிடுவார்கள். மஞ்சள் கறை ஒரேயடியாகப் போகாது என்பதையும் வெள்ளைச் சீருடை நாளில் இதைச் செய்யக் கூடாது என்பதையும் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

முறை இதுதான். கையை நனைத்து, சோப்பு நுரை வரும்வரை தேய்த்து, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, பெருவிரல், நக நுனி, மணிக்கட்டு என்று வரிசையாகப் போய், குறைந்தது 20 விநாடி தேய்த்த பிறகு ஓடும் நீரில் நன்றாக அலச வேண்டும். அலசுவதில்தான் புரதம் போகிறது, அதனால் அதை அவசரப்படுத்தக் கூடாது. வாயைச் சுற்றியும் ஈரக் கையால் கழுவ வேண்டும். கடலை மிட்டாய் சாப்பிட்டவர் வாயும் கொப்பளிக்கட்டும். கையில் கட்டிய சாமிக் கயிறு எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அதையும் சோப்போடு தேய்த்துவிட வேண்டும். நகத்தை வாரம் ஒரு முறை வெட்டிவிடுங்கள்.

வெளியூர்ச் சுற்றுலா, விளையாட்டு விழா மாதிரித் தண்ணீர் கிடைக்காத நாட்களுக்கு ஈரத் துடைப்புத் தாள் போதும். இரு கைக்கும் ஒரே தாளால் மேலோட்டமாகத் தடவாமல், ஒவ்வொரு கைக்கும் ஒரு தாள் வைத்து அழுத்தித் துடைக்க வேண்டும்.

படி 6: எப்போது கழுவுவது என்று நேர அட்டவணையில் எழுதுங்கள்

காலையில் வகுப்புக்குள் நுழையும்போது எல்லோரும் ஒரு முறை. வேனிலும் ஆட்டோவிலும் சாப்பிட்டுக்கொண்டே வரும் குழந்தைகள் உண்டு, அந்தக் கைதான் முதலில் பெஞ்சைத் தொடும். இண்டர்வெல் நொறுக்குத் தீனிக்குப் பிறகு ஒரு முறை. மதிய உணவுக்கு முன்னும் பின்னும். ஒவ்வாமை உள்ள குழந்தை இவற்றோடு, எதையாவது வாயில் வைக்கும் முன் எப்போதும் கழுவ வேண்டும்.

நாற்பது குழந்தைகள் கழுவ ஏது நேரம் என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. மதிய இடைவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்கி, வரிசை வரிசையாக அனுப்பினால் நடக்கும். வகுப்பு லீடருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், மிஸ் கூட அவ்வளவு கண்டிப்பாக இருக்க மாட்டார்கள்.

படி 7: பகிர்ந்து சாப்பிடும் பழக்கம்

இதைத் தடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். நம் குழந்தைகள் டிபன் மூடியில் போட்டுக் கொடுப்பார்கள், கடலை மிட்டாயைச் சட்டைத் துணிக்குள் வைத்துக் காக்காக் கடி கடித்துப் பாதி தருவார்கள். அந்தச் சட்டை நாள் முழுக்க வகுப்பில்தான் இருக்கும்! பகிர்வதே தப்பு என்று சொல்லிக் குழந்தையின் மனத்தைக் கெடுக்க வேண்டாம். "என் டப்பாவில் இருப்பதை மட்டும்தான் நான் சாப்பிடுவேன்" என்று சொல்ல வீட்டில் ஒத்திகை பார்க்கலாம். அக்கா அண்ணன் யாராவது கெஞ்சுவதுபோல் நடிக்கட்டும். தண்ணீர் பாட்டிலுக்கும் இதே விதிதான். அண்ணாந்து குடிக்கிறேன் என்று வாங்கி, வாய் வைத்துக் குடித்துவிட்டுத் தருபவர்கள்தான் அதிகம்.

ஒவ்வாமை உள்ள குழந்தையைத் தனியாக மூலையில் உட்கார வைத்துச் சாப்பிடச் செய்வது சில இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். அதற்குப் பதிலாக, அன்று கடலை கொண்டு வராத இரண்டு மூன்று நண்பர்களோடு ஓர் ஓரத்தில் உட்காரட்டும்.

படி 8: பெஞ்சு, தரை, பொதுப் பொருள்

கை சுத்தமாக இருந்தும் பெஞ்சு அழுக்காக இருந்தால் பயன் இல்லை. காய்ந்த துணியால் தட்டினால் துகள் பக்கத்து இடத்துக்குப் போகும், ஈரத் துணிதான் வேண்டும். முன்பு சொன்ன 2004 ஆய்வில், பாத்திரம் கழுவும் திரவத்தால் துடைத்த 12 மேசைகளில் 4இல் புரதம் மிஞ்சியிருந்தது. எனவே சோப்புத் தண்ணீரில் துடைத்தால், நல்ல தண்ணீரில் நனைத்த இன்னொரு துணியால் மறுபடி ஒரு முறை துடைத்துவிடுவது நல்லது. ஒரே துணியால் எல்லா பெஞ்சையும் துடைத்துவிட்டுக் கடைசியில் இந்தக் குழந்தையின் இடத்துக்கு வருவது தலைகீழ் வேலை. அந்த இடத்துக்குத் தனித் துணி வைத்து, அதை முதலில் துடைக்கச் சொல்லுங்கள். வராண்டாவில் பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும் பள்ளிகளில், குழந்தைக்கு வீட்டிலிருந்து ஒரு சிறு பாய் அல்லது விரிப்பு கொடுத்தனுப்பலாம்.

கேரம் காய், கீபோர்டு, கிரேயான் எல்லாம் மதிய உணவுக்குப் பின் எடுக்கும் பொருட்கள். மற்றவர்கள் கை கழுவியிருந்தால் இவற்றைப் பற்றித் தனியாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

படி 9: இவ்வளவும் செய்தும் ஏதாவது நடந்தால்

தோலில் பட்ட இடம் மட்டும் சிவந்து அரித்தால், சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணைக் கசக்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையைத் தனியாக விடாதீர்கள். பெற்றோருக்குப் போன் செய்யுங்கள்.

மூச்சு வாங்குதல், இழுப்புச் சத்தம், குரல் கம்முதல், நாக்கோ தொண்டையோ வீங்குதல், திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம், திடீரென்று துவண்டு போதல் இவற்றில் எது தெரிந்தாலும் கை கழுவிக்கொண்டு நிற்கக் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். 108ஐ அழைக்க வேண்டும். குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். அலர்ஜி மாத்திரையோ சிரப்போ அரிப்பைக் குறைக்கும், மூச்சுத் திணறலை நிறுத்தாது. "முதலில் சிரப் கொடுத்துப் பார்ப்போம்" என்று காத்திருப்பதுதான் உயிருக்கு உலை வைக்கும். குழந்தை தேறிவிட்டதுபோல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து எதிர்வினை மீண்டும் வரலாம்.

மருந்து அளவாக முன்பே நிரப்பி, தொடையில் அழுத்தினாலே இறங்கும் தானியங்கி அட்ரினலின் ஊசி நம் ஊர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. எது கிடைக்கும், யார் போடுவது, எவ்வளவு என்பதை மருத்துவரோடும் பள்ளியோடும் முன்கூட்டியே பேசி எழுதி வையுங்கள். மருந்து பூட்டிய பீரோவில் இருந்து, சாவி யாரிடமோ இருந்தால் பயனில்லை. ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் வேனிலும் வைக்கக் கூடாது.

ஜூன் மாதம் மறுபடி முதலிலிருந்து

கோடை விடுமுறை முடிந்து வகுப்பு மாறும்போது மிஸ் மாறுவார், பெஞ்சு மாறும், வேன் அண்ணாவும் மாறியிருக்கலாம். கடிதத்தைப் புதிதாகக் கொடுங்கள், மஞ்சள் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள், ஊசி மருந்தின் காலாவதி தேதியைப் பாருங்கள். ஆயுத பூஜைப் பொரிகடலை, தீபாவளிப் பலகாரம், பொங்கல் விழா ஆகிய மூன்றுக்கும் ஒரு வாரம் முன்பு வகுப்பாசிரியரிடம் ஒரு தடவை நினைவுபடுத்திவிடுங்கள். அன்று குழந்தைக்கென்று வீட்டில் செய்த பலகாரத்தைத் தனி டப்பாவில், பெயர் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.